குடற்காய்ச்சல் மீண்டும் வருமோ?

நோய் வந்தபோது இல்லாத அச்சம் சிலருக்கு நோய் நீங்கிய பின்னர் வருகின்றது. குடற்காய்ச்சல் கண்டு தேறியவர்களிடம் இதனை நான் பன்முறை கண்டிருக்கின்றேன். காய்ச்சல் இறங்கிவிட்டது, நாவில் ருசி திரும்பிவிட்டது, ஆயினும், "இது மறுபடியும் வந்துவிடுமோ?" என்ற கேள்வி மனத்தை விட்டு அகலுவதில்லை. அக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

டைபாய்டு என்று யாவரும் அழைக்கும் இந்நோயை நம் முன்னோர் விஷ ஜுரம் என்றனர். இலங்கைத் தமிழர் இதனை நெருப்புக்காய்ச்சல் என்பர். பெயர் பலவாயினும் காரணம் ஒன்றே. சால்மொனெல்லா டைபி என்னும் கிருமியே இதனை உண்டாக்குகின்றது. 1880ஆம் ஆண்டில் எபெர்த் என்னும் ஜெர்மானிய அறிஞர் இக்கிருமியைக் கண்டறிந்தார். 1884ஆம் ஆண்டில் காஃப்கி என்பவர் இதனைத் தனியே வளர்த்துக் காட்டினார். இக்கிருமிக்கு மனிதனே வீடு. ஆடு மாடுகளிடம் இது தங்குவதில்லை. நோயுற்ற ஒருவரின் மலத்திலிருந்து நீர் வழியாகவோ உணவு வழியாகவோ மற்றொருவர் வாய்க்குச் செல்வதே இதன் பயணம்.

உள்ளே சென்ற கிருமி சிறுகுடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களை அடைகின்றது. நம் உடலில் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே சில உயிரணுக்கள் உள்ளன. இக்கிருமியோ அவற்றின் உள்ளேயே குடியிருந்து பெருகுகின்றது. காவற்காரன் வீட்டிலேயே கள்வன் ஒளிந்திருப்பதைப் போன்றது இது. பெரும்பாலும் ஓரிரு வாரங்கள் கழித்து இரத்தத்தில் பரவி, படிப்படியாக ஏறும் காய்ச்சலை உண்டாக்குகின்றது.

இனி, நோய் மீண்டும் வருவது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு செய்திகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்து அறிந்தால் பாதி அச்சம் நீங்கும்.

முதலாவது, பழைய நோயே திரும்பத் தலைகாட்டுவது. ஒளிந்திருந்த கிருமிகளுள் சில மருந்துக்குத் தப்பி, மருந்து நின்றதும் மீண்டும் பெருகுகின்றன. காய்ச்சல் நின்ற இரண்டு மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலும் இது நிகழும். நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இவ்வாறு வரலாம் என்பது பொதுக் கணக்கு. மருந்துக்கு மருந்து இது வேறுபடும். அப்படி வந்தாலும், முதன்முறையைவிடக் கடுமை குறைந்தே இருப்பது வழக்கம்.

1948ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் உண்ணிக்காய்ச்சலுக்கு ஒரு புதிய மருந்தைச் சோதிக்க அமெரிக்க மருத்துவர் சிலர் சென்றிருந்தனர். அவர்களிடம் வந்த நோயாளர் சிலருக்கு இருந்தது குடற்காய்ச்சல் எனப் பின்னர்த் தெரிந்தது. குளோரம்பினிக்கால் என்ற அம்மருந்து அவர்களுக்கும் பயன்பட்டது. வாரக்கணக்கில் வாட்டிய காய்ச்சல் சில நாள்களில் தணிந்தது. உலகமே மகிழ்ந்தது. எனினும், மருந்து வந்த பின்னரும் நோய் திரும்புவது ஒழியவில்லை. காய்ச்சல் தணிவது வேறு. கிருமி அறவே ஒழிவது வேறு என்பதை அன்றே மருத்துவர் கற்றுக்கொண்டனர்.

இதிலிருந்து நாம் அறியவேண்டுவது யாது? மருத்துவர் குறித்த நாள்வரை மருந்தை உட்கொள்ள வேண்டும் என்பதே. தக்க மருந்து தொடங்கிய பின்னும் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாள்கள் ஆகலாம். அதுகண்டு மருந்து பலிக்கவில்லை என்று மாற்றுவதும் தவறு. ஐந்தாம் நாள் இறங்கிவிட்டது என்று நிறுத்திவிடுவதும் தவறு. மருந்து முடிந்தபின் மூன்று வாரங்கள் வரை, உடல் சூடாகத் தோன்றும்போது வெப்பமானி வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அஞ்சுவதைவிட இது மேல். நோய்க்குப் பின் சோர்வும், படி ஏறினால் களைப்பும் சில வாரங்கள் இருக்கும். அவை நோய் திரும்பியதற்கு அடையாளம் ஆகா. காய்ச்சல் இரண்டு நாள் தொடர்ந்து நின்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை எடுத்து விழுங்காதீர்கள். புதிய மருந்து தொடங்குமுன் இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை செய்தல் நன்று. அரைகுறையாய் மாத்திரை உண்டபின் செய்தால் அச்சோதனை கிருமியைக் காட்டாமல் ஏமாற்றிவிடக்கூடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. விடால் சோதனை என்று ஒன்று உண்டு. 1896ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருப்பது. அது கிருமியைக் காட்டுவதன்று; கிருமியை எதிர்க்க நம் உடல் உண்டாக்கிய பொருளையே காட்டுவது. நோய் நீங்கிப் பல மாதங்கள் ஆன பின்னும் அப்பொருள் இரத்தத்தில் இருக்கலாம். ஆதலால், நலமாய் இருப்பவர் இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, "இன்னும் போகவில்லையே" என்று கலங்குவது வீண்.

வயிற்றில் திடீரென்று கடும் வலி, மலம் கருமையாகவோ இரத்தம் கலந்தோ போதல், நினைவு தடுமாறுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் காத்திருக்கலாகாது. குடலில் புண் ஆழ்ந்து துளை விழும் ஆபத்து அப்போது உண்டு. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, புதிதாக வேறொரு முறை தொற்றுவது. ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் வாராது என்று சிலர் நம்புகின்றனர். அம்மைக்குப் பொருந்தும் அந்நம்பிக்கை இதற்குப் பொருந்தாது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வருவது பெரும்பாலும் புதிய தொற்றேயாகும். இதற்குக் காவல் தூய நீர். நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்துப் பருகுக. பனிக்கட்டியில் கிருமி சாவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. தடுப்பூசியும் உண்டு. ஆறு மாதக் குழந்தைக்கும் போடத்தக்க புதுவகை ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. முன்பு நோய் கண்டவர்களும், நன்கு தேறிய பின் மருத்துவரைக் கேட்டு அதனைப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, நோயின்றியே கிருமியைச் சுமப்பது. நூறு பேரில் ஒருவர் முதல் ஐவர் வரை, தாம் நலமாய் இருந்தும், ஓராண்டுக்கு மேலும் மலத்தின் வழியே கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பர். பித்தப்பையே அதன் மறைவிடம். அங்குக் கற்கள் இருப்பின் அவற்றின்மேல் படிந்து தங்கிவிடும். நியூயார்க் நகரில் சமையல் வேலை செய்த மேரி மாலன் என்னும் பெண்மணியின் வரலாறு இதற்குச் சான்று. நோயின் அடையாளம் ஒன்றும் தம்மிடம் இல்லை என்றே அவர் எண்ணியிருந்தார். 1907ஆம் ஆண்டில் அவரைப் பிடித்து ஒரு தீவில் தனியே வைத்தனர். சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின்மேல் 1910இல் விடுத்தனர். வேறு தொழிலில் போதிய ஊதியம் கிடைக்காமற்போகவே அவர் மீண்டும் அடுப்படிக்குச் சென்றார். 1915இல் மறுபடியும் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1938இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். கிருமியை அடக்கும் மருந்து அன்று இல்லை, இன்று இருக்கின்றது.

என்னிடம் வைத்தியம் பெற்றவர்களுள் கலியாணச் சமையலுக்குச் செல்லும் ஒருவர் இருந்தார். நோய் நீங்கிப் பல மாதங்கள் ஆகியும் அவர் மலத்தில் கிருமி காணப்பட்டது. செய்தியைச் சொன்னதும் அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஐயா, என் கையால் சாப்பிட்டவர்கள் ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை. இனி என் கையே குறையாகிவிட்டதா?" என்று கேட்டார். கையில் குறையில்லை என்றும், ஒளிந்திருப்பதை வெளியேற்றும் வரையில் பொறுக்கவேண்டும் என்றும் கூறினேன். அவரைத் தாக்கிய கிருமிக்கு ஏற்ற மருந்தை நான்கு வாரங்கள் கொடுத்தோம். அந்த முகூர்த்தக் காலம் முழுவதும் அவர் கரண்டியைத் தொடவில்லை. சாமான் பட்டியல் எழுதுவதும், கடைக்குச் சென்று வாங்கி வருவதுமாய் இருந்தார். வருவாய் பாதியாய்க் குறைந்தது. இடைவெளி விட்டு மும்முறை செய்த சோதனையில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகே அடுப்பருகே சென்றார். பெயர் அறியாத எத்தனையோ பந்திகளை அவர் காத்திருக்கின்றார் என்றே நான் கருதுகின்றேன். அவரை வேலையைவிட்டு நீக்காமல் வேறு பணி தந்த குழுத்தலைவருக்கும் அப்புண்ணியத்தில் பங்குண்டு. நோய் கண்டவரைத் தள்ளிவைத்தால் அவர் நோயை மறைப்பார். மறைத்தால் நோய் பரவும்.

மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். பழைய மருந்துகள் பலவற்றை எதிர்க்கும் கிருமிகள் இன்று மிகுந்துவிட்டன. 2016ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தோன்றிய ஒருவகை, வலிமை மிக்க ஊசி மருந்துகளுக்கும் அடங்கவில்லை. வாயால் உட்கொள்ளும் மருந்துகளுள் அதற்குப் பயன்படுபவை மிகச் சிலவே. கண்ட காய்ச்சலுக்கெல்லாம் கிருமிக்கொல்லி உண்பது, நாளை நமக்கு வேண்டிய கருவியை இன்றே மழுங்கச் செய்வதாகும்.

தேறி வருபவர் உணவில் அஞ்சவேண்டுவதில்லை. பட்டினி போட்டால் காய்ச்சல் திரும்பாது என்பது பழைய எண்ணம். அதனால் வலிமைதான் குன்றும். குழைந்த சாதம், இட்டிலி, பருப்பு, மோர், வேகவைத்த காய்கறி ஆகியவற்றைச் சிறுகச் சிறுகப் பலமுறை உண்ணலாம். கழிப்பறை சென்று வந்ததும், உணவைத் தொடுமுன்னும் சோப்பிட்டுக் கைகழுவுதலை வீட்டார் அனைவரும் கைக்கொள்ள வேண்டும்.

நேயர்களே, இந்நோய் மீண்டும் வாராது என்று எவரும் உறுதி கூறல் இயலாது. ஆனால், வரக்கூடிய காலம் இன்னது, வழி இன்னது, செய்யவேண்டுவது இன்னது என்று நாம் அறிந்திருக்கின்றோம். மூன்று வாரம் விழிப்பாயிருங்கள்; நீரையும் கையையும் எந்நாளும் தூய்மையாய் வைத்திருங்கள். அதற்கு மேலும் கவலைப்பட்டுக்கொண்டிராமல் உங்கள் வேலையைப் பார்க்கச் செல்லுங்கள்.