தோண்டுவதற்கு முன் நிலத்தைப் பார்ப்பது எப்படி? முள்ளிவாய்க்கால் மணலும் ராடர் கருவியும்

2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. தண்ணீர்க் குழாய் பதிக்க நிலத்தை வெட்டியவர்களே அதைக் கண்டார்கள். 2018இல் மன்னார் சதொச வளாகத்தில் கட்டட வேலை நடந்தது; அங்கும் எலும்புகள். 2023 ஜூன் இறுதியில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் மீண்டும் தண்ணீர்க் குழாய் வேலை. 2025 பெப்ரவரியில் செம்மணி, சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டுமான வேலை. நான்கு இடங்களிலும் புதைகுழியைக் காட்டித் தந்தது கூலித் தொழிலாளியின் மண்வெட்டிதான். எவரும் தேடிப்போய்க் கண்டுபிடிக்கவில்லை.

கொக்குத்தொடுவாயில் 52 பேரின் எலும்புக்கூட்டுத் தொகுதிகள் மீட்கப்பட்டன. செம்மணியில் 2025 செப்டெம்பர் தொடக்கம் வரை அடையாளம் காணப்பட்டவை 240. குழாய் பாதை சில மீற்றர் விலகிப் போயிருந்தால் இவை இன்னும் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.

அப்படியானால் தோண்டாமலே தேட முடியாதா? முடியும். ஆனால் எவ்வளவு தூரம் முடியும் என்பதை உறவுகளைத் தேடுபவர்கள் சரியாக அறிந்திருப்பது அவசியம். கருவியின் மேல் வைக்கும் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் ஏமாற்றத்தில்தான் முடியும்.

கருவி எதைப் பார்க்கிறது?

செம்மணியில் 2025 ஓகஸ்ட் 4, 5ஆம் திகதிகளில் ஜி.பி.ஆர். எனப்படும், தரையை ஊடுருவும் ராடர் கொண்டு ஆய்வு நடந்தது. ஸ்ரீஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தின் கருவி அதற்குப் பயன்பட்டது. புல்வெட்டும் இயந்திரம் போலத் தள்ளிச் செல்லும் இவ்வகைக் கருவி, நிலத்துக்குள் வானொலி அலைகளை அனுப்புகிறது. மண்ணின் தன்மை மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழம் கணிக்கப்படுகிறது.

காய்ந்த மணலில் இந்த அலை ஒரு நனோசெக்கனுக்குச் சுமார் 15 சென்ரிமீற்றர் செல்லும். நீர் நிறைந்த மணலில் அது 6 சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைந்துவிடும். எனவே ஒன்றரை மீற்றர் ஆழத்திலுள்ள பொருளிலிருந்து எதிரொலி வர, காய்ந்த மணலில் 20 நனோசெக்கன் போதும். ஈர மணலில் 50 நனோசெக்கன் வேண்டும். மண்ணின் ஈரத்தைத் தவறாகக் கணித்தால் ஆழமும் தவறும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ராடர் திரையில் எலும்புக்கூடு தெரிவதில்லை. ஒருமுறை வெட்டி மூடிய நிலம், வெட்டப்படாத நிலம் போல மீண்டும் அடுக்கடுக்காகப் படியாது. அந்தக் குழப்பத்தைத்தான் ராடர் காட்டுகிறது. அது புதைகுழியாக இருக்கலாம். பழைய மலசலகூடக் குழியாகவோ, பனையின் வேர்க்கட்டாகவோ, தூர்ந்த கிணறாகவோ கூட இருக்கலாம்.

உறைநிலம் சொல்லித் தந்த பாடம்

இந்தக் கருவிகள் பரவலாகப் பயன்படும் இடங்களில் ஒன்று, நமக்கு முற்றிலும் அந்நியமான நிலம். இரண்டு வருடங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பூச்சிய பாகை செல்சியசிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலத்தை நிரந்தர உறைநிலம் என்பார்கள். சைபீரியாவிலும் கனடாவின் வடக்கிலும் இமயமலையின் உயரங்களிலும் அது உண்டு. அங்கே மண்ணுக்குள் பனிக்கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு தடிப்பு என்பதை ராடராலும் மின்தடை அளவீட்டாலும் ஆராய்கிறார்கள். பனிக்கட்டி மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ராடர் அலையை நன்றாகப் போகவிடும். ஆகவே அது தெளிவாகப் பிரிந்து தெரியும்.

நோர்வேயின் வடக்கே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் லொங்கியர்பியன் என்ற ஊர் இருக்கிறது. 1918இல் பரவிய இன்புளுவென்சா நோயால் இறந்த ஏழு இளம் தொழிலாளர்கள் அங்கே புதைக்கப்பட்டார்கள். உறைநிலத்தில் உடல்கள் கெடாமல் இருந்தால் அந்த வைரசை ஆராயலாம் என்று ஒரு சர்வதேசக் குழு கருதியது. 1997இல் ராடர் ஆய்வு நடந்தது. நிலம் சுமார் இரண்டு மீற்றர் ஆழம்வரை கலைக்கப்பட்டிருப்பதாக ராடர் காட்டியது. அவ்வளவு ஆழமென்றால் உடல்கள் உறைநிலத்துக்குள் இருக்க வேண்டும். 1998இல் தோண்டியபோது சவப்பெட்டிகள் ஒரு மீற்றருக்கும் குறைந்த ஆழத்திலேயே இருந்தன. அது ஒவ்வொரு கோடையிலும் உருகி மீண்டும் உறையும் மேல்படை. உடல்கள் எதிர்பார்த்தபடி பேணப்பட்டிருக்கவில்லை. கல்லறை இருக்கும் இடத்தை ராடர் சரியாகக் காட்டியது. உள்ளே இருந்தவர்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

கனடாவின் கம்லூப்ஸில் நடந்தது இன்னொரு பாடம். பழங்குடிப் பிள்ளைகளுக்கான பழைய விடுதிப் பாடசாலை வளாகத்தில் 215 பிள்ளைகளின் எச்சங்கள் கண்டறியப்பட்டதாக 2021 மே மாதம் அறிவிக்கப்பட்டது. ஆதாரம் ராடர் ஆய்வு. ஓரிரு மாதங்களில் அது 'புதைகுழியாக இருக்கக்கூடிய 200 இடங்கள்' என்று திருத்தப்பட்டது. அகழ்வு நடக்காத நிலையில், அந்தப் பாடசாலைகளில் பிள்ளைகள் இறந்ததையே மறுக்க விரும்பியவர்களுக்கு இந்த வார்த்தைத் தடுமாற்றம் ஆயுதமாகிவிட்டது. நமக்கும் இது எச்சரிக்கை. ராடர் முடிவு சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலே தவிர, இறந்தவர்களின் எண்ணிக்கை அல்ல.

முள்ளிவாய்க்காலின் நிலம்

இனி முள்ளிவாய்க்காலுக்கு வருவோம். ஒருபுறம் கடல், மறுபுறம் நந்திக்கடல், நடுவில் ஒடுங்கிய மணல்தரை. காய்ந்த மணல் ராடருக்கு உகந்தது. ஆனால் உப்புநீர் ராடரின் எதிரி. நன்னீர் அலையின் வேகத்தைக் குறைக்கிறது. உப்புநீர் அலையை விழுங்கியே விடுகிறது. கடற்கரை மணலில் மழைநீர் நன்னீர்ப் படையாக உவர்நீரின் மேல் மிதக்கும். அதனால்தான் கடலோரக் கிணறுகளிலும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறது. உவர்நீர் தொடங்கும் ஆழத்துக்குக் கீழே ராடர் குருடு. நந்திக்கடல் ஓரச் சேற்றுநிலத்தில் மேல்படையிலேயே அது தடுமாறும். ஆய்வு செய்வதானால் மாரிக்கு முன், நிலம் நன்றாகக் காய்ந்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டும்.

ராடர் திணறும் இடத்தில் மின்தடை அளவீடு உதவும். குழாய்க்கிணறு அடிக்க இடம் பார்ப்பவர்கள் நிலத்தில் இரும்புக் கம்பிகளை வரிசையாக ஊன்றி மின்சாரம் செலுத்துவதை வன்னியில் பலர் கண்டிருப்பார்கள். அதே முறைதான். கம்பிகளை நெருக்கமாக ஊன்றினால் வெட்டி மூடப்பட்ட குழிகளும் வேறுபட்டுத் தெரியக்கூடும்.

உலோகம் தேடும் கருவிகள் இங்கே அவ்வளவு பயன் தரா. கண்ணிவெடி அகற்றியவர்கள் அவற்றோடுதான் இந்த மண்ணில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். ஆனால் எறிகணைச் சிதறலும் தகரமும் சைக்கிள் பாகங்களும் பாத்திரங்களும் கலந்துபோன நிலத்தில் கருவி எல்லா இடத்திலும் ஒலிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பதுங்கு குழிகள். 2009இல் அந்த ஒடுங்கிய நிலத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகப் பதுங்கு குழி வெட்டப்பட்டது. பின்னர் பல தூர்ந்தன. சிலவற்றில், இறந்தவர்களை அவர்களுடைய சொந்தங்களே கைகளால் மண் தள்ளி மூடிவிட்டு நகர்ந்தார்கள். ராடருக்கு இரண்டும் ஒன்றுதான்: வெட்டி மூடப்பட்ட செவ்வகக் குழி. எது வெறும் பங்கர், எதற்குள் ஆட்கள் என்று பிரித்துச் சொல்லக் கருவியால் இயலாது.

அதைச் சொல்லக்கூடியவர்கள் அங்கிருந்து உயிருடன் வந்தவர்கள். எந்தப் பனைக்கு அருகே, வீதியிலிருந்து எத்தனை அடி, எந்தத் திகதி என்பது அவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அந்த நினைவை அக்காலச் செய்மதிப் படங்களோடு ஒப்பிடலாம். அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 2009 மே மாதத்திலேயே இப்பகுதியின் செய்மதிப் படங்களை ஆராய்ந்து, எறிகணைக் குழிகளையும் கல்லறைகளையும் சுட்டிக்காட்டியிருந்தது. பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிக்காவின் புதைகுழிகளைத் தேடியபோதும் புதிதாகக் கிளறப்பட்ட மண்ணை வான்படங்களே காட்டிக்கொடுத்தன. சாட்சியம் இடத்தைச் சுருக்கும்; படம் காலத்தை உறுதிப்படுத்தும்; ராடர் குழியின் எல்லையைக் காட்டும்; அகழ்வு உண்மையைச் சொல்லும்; மரபணுப் பரிசோதனை பெயரைத் தரும். இதில் ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போக முடியாது.

என்ன கேட்கலாம்?

அகழ்வுக்கு நீதவான் நீதிமன்றத்தின் கட்டளை தேவை. அது நேரமும் நிதியும் இழுக்கும் வேலை. ராடர் ஆய்வோ நிலத்தைக் கலைப்பதில்லை. எங்கே முதலில் தோண்டுவது என்பதை அது தீர்மானிக்க உதவும். ஆகவே உறவுகள் கேட்க வேண்டியவை தெளிவானவை. முதலாவது, அடுத்த குழாய் வேலை வரை காத்திராமல், சாட்சியம் உள்ள இடங்களில் முன்கூட்டியே ஆய்வு. இரண்டாவது, இறுதி வரைபடத்தோடு கருவியின் மூலப் பதிவுகளையும் நீதிமன்றில் ஒப்படைப்பது; அப்போதுதான் வேறொரு நிபுணர் மீளாய்வு செய்யலாம். மூன்றாவது, முடிவை அறிவிக்கும்போது 'சந்தேக இடம்' என்பதையும் 'எச்சம்' என்பதையும் குழப்பாமை.

எலும்புகள் மண்ணுக்குள் இன்னும் சில காலம் காத்திருக்கும். இடத்தைச் சொல்லக்கூடியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய் தந்தையரில் பலர் இன்று உயிருடன் இல்லை. அவர்களோடு சில வரைபடங்களும் போய்விட்டன. கருவி கொழும்பிலிருந்து எப்போது வந்தாலும் வரட்டும். பங்கர் இருந்த இடத்தைக் கைகாட்டக்கூடிய ஒருவரோடு அமர்ந்து, ஒரு தாளில் அந்த இடத்தை வரைந்து, திகதியும் போட்டு வைக்கும் வேலைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அதை இன்றே செய்யலாம்.