வைண்டிங் மேசைக்கு வந்த சிலிக்கன் சுவிட்ச்

கல்லடியில் எந்த வீட்டுத் தண்ணீர் மோட்டரைக் கழற்றினாலும் முதலில் கையில் படுவது உப்புத்தான். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணல். பெயாரிங் துருப்பிடித்து அலறும், மூடியின் ஆணி கழன்று வராது. மாமாவிடம் பழகி அவருடைய வைண்டிங் கடையை இப்போது நான் பார்க்கிறேன். அவர் காலத்தில் கடைக்கு வந்தவை செம்பும் இரும்பும். இன்று அவற்றோடு பச்சை நிற சர்க்கிட் போர்ட்டும் வருகிறது. அந்தப் போர்ட் எப்படி மோட்டருக்குள் நுழைந்தது என்ற கதையில் சென்னையில் படித்த ஒருவருக்குப் பெரிய பங்குண்டு.

முதலில் மோட்டரைப் பார்ப்போம். "உறுமுது மனே, சுத்துதில்ல" என்று அம்மாக்கள் கொண்டுவரும் மோட்டரில் பெரும்பாலும் கோளாறு கப்பாசிட்டரில்தான். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரண்ட் ஒரு செக்கனில் 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. அதை ஒரு சுருளில் மட்டும் விட்டால் காந்தப்புலம் ஊஞ்சல் போல அங்கும் இங்கும் ஆடுமே தவிரச் சுழலாது. அதனால் இன்னொரு சுருளைத் தள்ளி வைத்துச் சுற்றி, அதன் வழியில் கப்பாசிட்டரைப் போடுகிறோம். அந்தச் சுருளில் கரண்ட் நேரம் பிசகி ஏறி இறங்கும். இரண்டும் சேர்ந்ததும் காந்தப்புலம் வட்டமாகச் சுழலத் தொடங்கும், ரோட்டரையும் இழுத்துக்கொண்டு போகும்.

சீலிங் ஃபேன் வருடா வருடம் மெதுவாவதற்கும் கப்பாசிட்டர்தான் காரணம். அதன் கப்பாசிட்டருக்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு. எங்காவது ஓட்டை விழுந்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்து ஆவியாகி, ஓட்டை தனிப்பட்டுவிடும். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் கெட்டித்தனம் அது. ஆனால் ஆற்றும்போதெல்லாம் கொஞ்சம் பரப்புப் போய்விடுகிறது. 2.5 மைக்ரோஃபரட் என்று எழுதியிருக்கும், மீட்டர் அதைவிடக் குறைவாகக் காட்டும். ஃபேனில் பிழையே இருக்காது. புதுக் கப்பாசிட்டர் போட்டால் போதும், காசும் அதிகமில்லை.

சுழலும் காந்தப்புலத்தை இத்தாலியில் கலிலியோ ஃபெராரிசும் அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியே கண்டார்கள். இருவரும் அதை வெளியிட்ட ஆண்டு 1888. அடுத்த வருடமே டொலிவோ-டோப்ரோவோல்ஸ்கி கூண்டு ரோட்டர் வைத்த மூன்று ஃபேஸ் மோட்டரைச் செய்துவிட்டார். இந்தியாவின் முதல் மின்மோட்டரை 1937-இல் செய்தவர் என்று கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவைச் சொல்வார்கள். இன்று என் மேசையில் கிடக்கும் பம்ப் மோட்டரை அவர்கள் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இத்தனை வருடத்தில் அடிப்படை மாறவில்லை.

அது எவ்வளவு முரட்டுச் சாமான் என்று கல்லடிக்காரருக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல் தண்ணீரும் சேறும் குடித்த மோட்டர்கள் மாமாவின் கடைக்கு வந்து குவிந்தன. அவர் அவற்றை நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவி உப்பை எடுத்தார். பிறகு பல்ப் சூட்டில் காயவைத்து, மெகர் மீட்டர் வைத்து இன்சுலேசனைப் பார்த்தார். தேறியவற்றுக்குப் புது வார்னிஷ். தேறாதவற்றைப் பிரித்து, சுற்று எண்ணி, கம்பியின் கேஜ் அளந்து, பழைய செம்பை நிறுத்துக் குறித்து, அதே கணக்கில் திரும்பச் சுற்றினார். கம்பெனியின் தயவு எதற்கும் தேவைப்படவில்லை.

ஆனால் இந்த மோட்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு, வேகத்தை மாற்ற விடாது. 50 ஹேர்ட்ஸ் கரண்டில் இரண்டு துருவ மோட்டரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3,000 சுற்று, ரோட்டர் அதற்குச் சற்றுப் பின்னால். பாதித் தண்ணீர் போதும் என்றாலும் அது முழு வேகத்தில்தான் ஓடும். பழைய ஏ.சி. மெஷினும் அப்படித்தான். அறை குளிர்ந்ததும் படக்கென்று நிற்கும், சூடானதும் முழு மூச்சில் மறுபடி ஓடும்.

வேகத்தை மாற்ற வேண்டுமானால் அந்த 50-ஐயே மாற்ற வேண்டும். வரும் கரண்டை டி.சி. ஆக்கி, அதைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, வேண்டிய ஹேர்ட்ஸில் புது ஏ.சி. கரண்டாகச் செய்துகொள்வது. காகிதத்தில் இது சுலபம். வெட்டுகிற சுவிட்ச்தான் நெடுங்காலம் சரியாகக் கிடைக்கவில்லை. தைரிஸ்டர் பெரிய கரண்டைத் தாங்கும், போட்டால் எளிதில் அணையாது. சாதாரணப் பவர் ட்ரான்சிஸ்டரை இயக்கவே நிறையக் கரண்ட் கொட்ட வேண்டும். மொஸ்ஃபெட்டைத் தொட்டால் போதும், வேலை செய்யும், ஆனால் வோல்டேஜ் கூடக் கூட அதன் உள்தடையும் கூடிச் சூடேறும்.

1980-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்கு இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேவைப்பட்டது, ஏ.சி. மெஷின் மோட்டர்களின் வேகத்தை விருப்பம்போல மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் ஜெயந்த் பலிகா. 1948-இல் சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-இல் பட்டம் பெற்றவர். அவர் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், மொஸ்ஃபெட்டின் வாசலையும் பவர் ட்ரான்சிஸ்டரின் உடம்பையும் ஒரே சிலிக்கன் துண்டில் சேர்த்தார். அதுதான் ஐ.ஜி.பி.டி. உள்ளே கள்ளத்தனமாக ஒரு தைரிஸ்டர் உருவாகி, போட்ட சுவிட்ச் அணையாமல் மாட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள். அவர் அதை அடக்கினார். மெதுவாகத்தான் அணையும் என்றார்கள்; எலக்ட்ரான் கதிரைப் பாய்ச்சி வேகமாக்கினார். விசயம் கம்பெனித் தலைவர் ஜாக் வெல்ச் வரை போய் அனுமதி வாங்கியது.

இதில் அவர் தனியாள் இல்லை. ஆர்.சி.ஏ. கம்பெனியின் பெக்கேயும் வீட்லியும் அதே 1980-இல் இதைப்போன்ற ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார்கள். மாட்டிக்கொள்ளும் கோளாறை முழுதாகத் தீர்த்ததில் ஜப்பானின் தோஷிபாவில் இருந்த நாககாவாவுக்குப் பங்குண்டு. ஆனாலும் 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு, பத்து இலட்சம் யூரோவோடு, பலிகாவுக்குப் போனது. எனக்கு அதில் சந்தோசம். இன்வர்ட்டர் ஏ.சி., இன்டக்சன் அடுப்பு, கூரையில் சோலார் பூட்டியவர் வீட்டுப் பெட்டி, எங்கே திறந்தாலும் அந்த மூன்று காலுள்ள கறுப்புத் துண்டைப் பார்க்கிறேன்.

சின்ன மோட்டர்களில் மாற்றம் இன்னொரு பக்கமாக வந்தது. ஜப்பானியரான மசாத்தோ சகாவா 1982-இல் நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்த பிறகு, ரோட்டரில் சிறிய வலுவான காந்தத்தை ஒட்டி, சுருளுக்கு எப்போது கரண்ட் என்பதை ஒரு சிப் பார்த்துக்கொள்ளும் பி.எல்.டி.சி. ஃபேன்கள் வசதியாகிவிட்டன. பழைய சீலிங் ஃபேன் 75 வாட்ஸ் வாங்கும், இது 30 வாட்ஸ் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 10 மணித்தியாலம் ஓடினால் மாதம் ஒரு ஃபேனில் 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். 2022 ஆகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறிய பிறகு, இந்தக் கணக்கை நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் போர்ட்டில்தான். அதற்கு எங்கள் உப்புக் காற்று ஆகாது. மாரி தொடங்கும்போது விழும் இடி ஆகாது. இரவில் சூடு தேடி உள்ளே போய்ப் படுக்கும் பல்லி இரண்டு கம்பிகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும். போர்ட்டில் உள்ள உருளைக் கப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்துபோகும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி. இவற்றில் பலதை என்னால் மாற்ற முடியும். ஆனால் சில போர்ட்டுகளைக் கறுப்புப் பசை ஊற்றி மூடிவிடுகிறார்கள், சிப்பின் இலக்கத்தைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். ஒரு சின்ன உதிரிக்காக முழுப் போர்ட்டையும் வாங்கு என்கிறார்கள். அந்தப் போர்ட் சில நேரம் கொழும்பில்கூடக் கிடைப்பதில்லை. சுனாமி குடித்த மோட்டரைத் திருத்திய கடையில், நல்ல செம்பும் நல்ல காந்தமும் உள்ள ஃபேன் போர்ட் இல்லாமல் தொங்குகிறது. கண்டுபிடிப்பில் எனக்குக் குறையில்லை, அதைப் பூட்டி விற்பதில்தான் குறை.

ஆகவே கடைக்குப் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: போர்ட் தனியாக விற்பனைக்கு உண்டா, அதன்மேல் ஈரம் புகாத பூச்சு இருக்கிறதா. இரண்டுக்கும் ஓம் என்றால் தாராளமாக வாங்கலாம். வீட்டிலேயே திறந்து பார்க்கும் தம்பிமாருக்கும் ஒன்று: பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த உருளைக் கப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை நிற்கும். ஒரு பழைய குண்டு பல்பை அதன் இரண்டு காலுக்கும் தொடுத்து, மீட்டர் பூச்சியம் காட்டிய பிறகே கை வையுங்கள்.