காளவாயில் குறையும் நிறை

மாத்தளை மாவட்டத்து நிலத்தடியில் பட்டை பட்டையாய்ப் படிந்திருக்கும் பளிங்குச் சுண்ணக்கல்லை உடைத்தெடுத்து, விறகோடு காளவாயில் அடுக்கி எரித்துச் சுண்ணாம்பாக்கும் தொழிலை அப்பிரதேசத்தார் நன்கறிவர், எனினும், க.பொ.த. சாதாரண தர மாணவர் பலரை அச்சுறுத்தும் இரசாயனக் கணிப்பு அனைத்தும் அந்தக் காளவாயின் வரவுசெலவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

சுத்தமான கல்சியம் காபனேற்று 100 கிலோவை முற்றாகச் சுட்டால் எஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மாத்திரமே. மீதி 44 கிலோ எங்கே போயிற்று? புகையோடு கலந்து கண்ணுக்குப் புலப்படாமற் சென்றது காபனீரொட்சைட்டு என்னும் வாயு. சுண்ணக்கல்லிலிருந்து இவ்வாறு வெளியேறும் வாயுவைத் தராசின் துணைகொண்டு ஆராய்ந்து, 1756-ஆம் ஆண்டில் தம் முடிபுகளைப் பிரசுரித்த ஸ்கொத்லாந்து அறிஞர் யோசேப் பிளாக்கிடம் அணுத்திணிவு அட்டவணை எதுவும் இருந்ததில்லை. நிறுக்கும் பொறுமை இருந்தது.

அவர் நிறுத்தறிந்ததை நாம் முன்கூட்டியே கணிப்பதற்குச் சாரணுத்திணிவுகள் உதவுகின்றன. கல்சியம் 40, காபன் 12, ஒட்சிசன் மூன்றுக்கு 48, ஆக 100. அத்தனை கிராம் எடுத்தால் அது ஒரு மூல். அதாவது ஏறக்குறைய 6.022 × 10²³ சூத்திர அலகுகள். தாக்கத்தில் ஈடுபடுவன துணிக்கைகள், நம் கையிலிருப்பதோ தராசு. ஆகவே எண்ணிக்கையை நிறையாக மாற்றித் தரும் ஓர் அளவு வேண்டியிருந்தது. அரிசியை மணி மணியாக எண்ணாமற் கொத்தால் அளப்பது போன்றதே இது. இந்த அவசியத்தை உணர்த்தாமல், திணிவை மூலர்த்திணிவால் வகுக்கும் சூத்திரத்தை மட்டும் மனனம் செய்விப்பது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

மாத்தளைக் கல்லிலோ இன்னொரு விசேஷமும் உண்டு. அதிற் கணிசமான பகுதி தனிக் கல்சியக் காபனேற்று அன்று. மகனீசியமும் சேர்ந்த டொலமைற்று. அதன் சூத்திரத் திணிவு 184. சுட்டால் 88 பங்கு வாயுவாகப் போய், 96 பங்கு ஒட்சைட்டுகளாக எஞ்சும். ஆகவே 100 கிலோ தூய டொலமைற்று ஏறத்தாழ 52 கிலோவாகக் குறையும். 44 கிலோ குறைந்ததா, 48 கிலோ குறைந்ததா என்பதைக்கொண்டே, மாசற்ற கல்லாயின், அது எவ்வகையது என்று சொல்லிவிடலாம்.

ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அமிலம் மிகுந்த மண்ணைத் திருத்தும் டொலமைற்றுத் தூளுக்கும் இதே கணக்குத்தான். 184 கிராம் டொலமைற்றில் இரண்டு மூல் காபனேற்று அடங்கியிருக்க, அதே அளவு காபனேற்றைக் கல்சியக் கல்லிலிருந்து பெற 200 கிராம் வேண்டும். ஆதலால் 100 கிலோ சுண்ணக்கல் நடுநிலையாக்கும் அமிலத்தை 92 கிலோ டொலமைற்றே நடுநிலையாக்கிவிடும். அத்தோடு செடிக்கு மகனீசியமும் கிட்டும். கல்லில் மணல் கலந்திருந்தால் கணக்கு மாறும்: நூற்றுக்குப் பத்துப் பங்கு மணலாயின், ஒரு தொன் கல்சியக் கல்லிலிருந்து வரும் சுட்ட சுண்ணாம்பு 560 கிலோ அன்று, 504 கிலோவே.

விஞ்ஞான ஆசிரியர்கள் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்காமல், 10 கிராம் சுண்ணக்கல் தூளையும் மிகையான ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தையும் தராசில் ஒருங்கே நிறுத்து, இரண்டையும் கலந்து, பொங்கி அடங்கியபின் மீண்டும் நிறுக்கும்படி மாணவரை ஏவுவார்களாக. தூள் சுத்தமானதாயின், குறையும் நிறை 4.4 கிராமுக்கு அண்மையில் நிற்கும்.