கிளட்ச்சை விட்டால் 'லொடக்'!

எரு மூட்டை ஏற்றும் என் பழைய டீசல் ஜீப், கிளட்ச்சை விடும்போதெல்லாம் 'லொடக்'குன்னு ஒரு அடி கொடுத்தது. "கிரௌனைப் பிரிக்கணும்"னு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிட்டாங்க. கடலை விற்ற காசு மொத்தமும் போயிடும்.

சத்தம் எப்போ வருதுன்னு முதலில் கவனியுங்க. பள்ளத்தில் இறங்கும்போது வந்தால் ஸ்பிரிங் பட்டை, ஷாக்கிள் புஷ் பக்கம் பார்க்கணும். ரிவர்ஸ் மாற்றும்போதும் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் வந்தால், என்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சுற்று போகும் வழியில் தேய்மானம். எனக்கு இரண்டாவது.

சமதரையில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டுக் கீழே படுத்தேன். ஒரு கையால் டிஃபரன்ஷியல் பக்கத்துப் பிளேஞ்சைப் பிடித்து, மறு கையால் ப்ரொப்பெல்லர் ஷாப்டைத் திருகினால் இரண்டும் சேர்ந்தே அசையணும். அப்படிக் கொஞ்சம் அசைவது பல் இடைவெளி, இயல்புதான். எனக்கோ ஷாப்ட் மட்டும் தனியே ஆடியது. கிராஸ் மூடியைச் சுற்றிச் செந்தூளாய்த் துரு.

கிரீஸ் இல்லாமல் காய்ந்த கிராஸ். தப்பு என்னுதுதான், மாட்டுக்குத் தண்ணி காட்ட மறக்காதவன் இதுக்குக் கிரீஸ் அடிக்க மறந்தேன். இப்படியே ஓட்டிடாதீங்க: ஓட்டத்தில் கிராஸ் உடைந்து ஷாப்டின் முன்முனை தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிப் போட்டுடும். கிராஸ் மட்டும் மாற்றினோம். கிரௌனைத் தொடவே இல்லை.