நீங்கள் எந்தக் கம்பெனியைச் சார்ந்தவர்?



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்தில் புதிய வாகனங்களை மந்திரிப்பது நம் பங்குகளில் வழக்கமான ஒன்று. மாலை சூட்டிய கார், கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை, புதுச் சட்டையில் பிள்ளைகள் என்று முற்றமே திருவிழாக்கோலம் பூண்டுவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாளில், நான் தீர்த்தம் தெளித்து முடித்துத் திரும்புவதற்குள், காரின் சொந்தக்காரர் தம் அக்காள் கணவரிடம் சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா அத்தான், வண்டின்னா இது வண்டி. நீங்க வாங்கினது தகர டப்பா" என்றார்.

அத்தான் வேறொரு கம்பெனியின் காரை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவரும் விடவில்லை. கதவின் கனம், மைலேஜ், மறுவிற்பனை விலை என்று பேச்சு வளர்ந்தது, குரல்கள் உயர்ந்தன. அன்று மதிய விருந்துக்கு அத்தான் போகவில்லை. அதன்பின் ஓராண்டு காலம் அந்த இரு குடும்பத்தாரும் ஒரே திருப்பலிக்கு வந்தார்கள். கோவிலின் இரு ஓரங்களில் அமர்ந்தார்கள். சமாதானம் தெரிவிக்கும் நேரத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் வீடு திரும்பினார்கள்.

ஒரு காருக்காகவா இத்தனையும்? இந்தக் கேள்வி என்னை நீண்ட நாள் உறுத்தியது. இது ஒரு குடும்பத்தின் சிறுபிள்ளைத்தனம் மட்டுமல்ல. ஒரு நாடே இப்படி இரண்டாகப் பிரிந்து நின்ற வரலாறும் உண்டு.

ஒரே நாடு, இரண்டு கொடிகள்

ஆஸ்திரேலியாவில் பல தலைமுறைகளாக ஒரு குடும்பம் ஃபோர்டு குடும்பமாக இருக்கும், அல்லது ஹோல்டன் குடும்பமாக இருக்கும். ஹோல்டன் என்பது 1856-இல் அடிலெய்டு நகரில் குதிரைச் சேணம் செய்யும் கடையாகத் தொடங்கிய நிறுவனம். பின்னர் கார்களுக்குக் கூடு கட்டிக் கொடுத்தது. 1931-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது. 1948 நவம்பர் 29 அன்று பிரதமர் பென் சிஃப்லி முதல் ஹோல்டன் காரை அறிமுகம் செய்துவைத்தபோது, 'நம் நாட்டின் சொந்தக் கார்' என்று மக்கள் அதைக் கொண்டாடினார்கள். 1925-இலேயே ஜீலாங் நகரில் காலூன்றியிருந்த ஃபோர்டு, 1960-இல் ஃபால்கன் என்ற காரைக் கொண்டுவந்தது. போட்டி சூடுபிடித்தது.

பாத்தர்ஸ்ட் நகரின் மலைப்பாதையில் ஆண்டுதோறும் நடக்கும் கார் பந்தயம் இந்தப் போட்டியின் திருவிழாவாயிற்று. தந்தை எந்தக் கொடியைப் பிடித்தாரோ அதையே மகனும் பிடித்தான். ஹோல்டன் அணியின் நாயகனாகத் திகழ்ந்தவர் பீட்டர் பிராக். அந்த மலையில் ஒன்பது முறை வென்றவர். ஹோல்டனோடு ஏற்பட்ட மனக்கசப்புக்குப் பிறகு, 1989-இல் அவரே ஃபோர்டு காரில் பந்தயத்திற்கு வந்தார். ஹோல்டன் ரசிகர்களின் நெஞ்சில் அது முள்ளாகத் தைத்தது.

இதில் வியப்பு என்ன தெரியுமா? இந்த இரண்டு நிறுவனங்களின் தலைமையகங்களும் ஆஸ்திரேலியாவில் இல்லை. இரண்டும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தன. அங்கே எடுக்கப்பட்ட முடிவுகளுக்காக இங்கே அண்ணனும் தம்பியும் சண்டையிட்டார்கள்.

1992-இன் பாடம்

1992 அக்டோபரில் நடந்த பந்தயம் நம் சிந்தனைக்கு உரியது. அன்று கடும் மழை. பல கார்கள் வழுக்கி மோதியதால் பந்தயம் இடையிலேயே நிறுத்தப்பட்டது. முன்னணியில் இருந்த ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் ஆகியோரின் நிசான் காரும் மோதி நின்றுவிட்டது. ஆனால் விதிப்படி அதற்கு முந்தைய சுற்றின் நிலையே கணக்கில் எடுக்கப்பட்டதால் அவர்களே வெற்றியாளர்கள் என அறிவிக்கப்பட்டது. ஜப்பானியக் கார், ஹோல்டனும் அல்ல, ஃபோர்டும் அல்ல! கூட்டம் கொதித்தது. பரிசு மேடையில் ஏறியவர்களை நோக்கி ஊளையிட்டது.

அன்றைய பந்தயத்தில்தான், 1967-இல் உலகச் சாம்பியனான டென்னி ஹியூம், கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். அவர் ஜிம் ரிச்சர்ட்ஸின் நண்பர், இருவரும் நியூசிலாந்துக்காரர்கள். நண்பனின் சாவுச் செய்தி காதில் விழுந்த சற்று நேரத்தில் அவர் மேடையேறினார். கீழே நின்றவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் ஒலிவாங்கியில் கூட்டத்தை வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். பின்னாளில் தம் கடுஞ்சொற்களுக்காக வருந்தவும் செய்தார்.

அன்பர்களே, ஊளையிட்ட அனைவரும் கொடியவர்கள் அல்லர். வீட்டில் நல்ல தந்தையாக, நல்ல மகனாக இருந்தவர்களே. ஆனால் கொடி கண்ணை மறைத்தபோது, எதிரே நிற்பவன் துக்கத்தில் இருக்கும் ஒரு மனிதன் என்பதும் தெரியாமல் போயிற்று. போட்டி மனப்பான்மையின் உண்மையான ஆபத்து இதுதான்.

ஏன் இப்படி நடக்கிறது?

மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, நன்றியுணர்வு. அப்பா ஓட்டிய வண்டி, நம்மைப் பள்ளிக்குக் கொண்டுசென்ற வண்டி, திருமணத்தன்று ஏறிய வண்டி. அதன் பெயரைக் கேட்டாலே நெஞ்சம் கசிகிறது. இது தவறல்ல, நல்ல குணமே.

இரண்டாவது, பயம். பல ஆண்டுச் சேமிப்பைக் கொட்டி, கடனும் வாங்கி ஒரு பொருளை வாங்குகிறோம். 'தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ' என்ற ஐயம் உள்ளே அரிக்கிறது. அதை அடக்க, நாம் வாங்கியதைப் புகழ்கிறோம். பிறர் வாங்கியதை இகழ்கிறோம். இந்த மன உறுத்தலைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இலேயே விரிவாக எழுதினார். நம் பங்கில் அன்று 'தகர டப்பா' என்று சொன்னவரும், ஒருவேளை, தம் மாதத் தவணையை நினைத்துக் கலங்கியவராகவே இருந்திருக்கலாம்.

மூன்றாவது, 'நாங்கள்' என்ற உணர்வு. போலந்தில் பிறந்த யூதரான ஹென்றி தாஜ்ஃபெல் என்ற அறிஞர், 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளி மாணவர்களிடையே ஓர் ஆய்வு நடத்தினார். இரண்டு ஓவியர்களில் யாருடைய ஓவியம் பிடிக்கிறது என்று கேட்டு, அதன்படி பிரிப்பதாகச் சொல்லி, மாணவர்களை இரு குழுக்களாக்கினார். உண்மையில் அந்தப் பிரிவினை குருட்டாம்போக்கில் செய்யப்பட்டது. தம் குழுவில் இருப்பவர் யார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவினருக்கே அதிகம் கொடுத்தார்கள். அதுமட்டுமல்ல, அடுத்த குழுவைவிட மேலே நிற்க வேண்டும் என்பதற்காக, தம் குழுவிற்குக் கிடைக்கக்கூடிய தொகை குறைந்தாலும் பரவாயில்லை என்று பலர் முடிவெடுத்தார்கள். நமக்கு நட்டமானாலும் சரி, அவன் நம்மைவிட மேலே போகக்கூடாது! இந்தக் குரலை நாம் எங்கும் கேட்டதில்லையா?

கொரிந்து நகரில் கேட்ட அதே குரல்

திருத்தூதர் பவுல் இந்தக் குரலைக் கேட்டார். கொரிந்து திருஅவையில் சிலர் தங்களைப் பவுலின் ஆட்கள் என்றும், சிலர் அப்பொல்லோவின் ஆட்கள் என்றும், சிலர் கேபாவின் ஆட்கள் என்றும் சொல்லிக்கொண்டு பிரிந்து நின்றார்கள் (1 கொரி 1:10-13). பவுல் தம் பெயரைச் சொன்னவர்களைப் பாராட்டவில்லை. கிறிஸ்துவைக் கூறுபோட முடியுமா, உங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவன் நானா என்ற பொருளில் அவர்களைக் கேட்கிறார். நட்டவன் ஒருவன், நீர் பாய்ச்சியவன் ஒருவன், விளையச் செய்தவரோ கடவுள் என்று தெளிவுபடுத்துகிறார் (1 கொரி 3:6).

பவுலின் கேள்வியை நம்முடைய கொடிகளிடமும் கேட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு தன் கார் உற்பத்தியை 2016 அக்டோபர் 7 அன்று நிறுத்தியது. ஹோல்டன் 2017 அக்டோபர் 20 அன்று தன் கடைசித் தொழிற்சாலையை மூடியது. 2020 பிப்ரவரியில் ஹோல்டன் என்ற பெயரையே விலக்கிக்கொள்வதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. எந்தப் பெயருக்காக உறவுகள் முறிந்தனவோ, அந்தப் பெயர் ஒரு கணக்கேட்டின் முடிவால் அழிக்கப்பட்டது. இது நமக்கும் புதிதல்ல. நம் சாலைகளின் அரசனாக வலம்வந்த அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றது. மறைமலை நகரில் கார் தயாரித்த ஃபோர்டும் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. நாம் கம்பெனிக்கு உண்மையாய் இருக்கலாம். கம்பெனி நமக்கு அப்படி இருக்கும் என்ற உறுதி கிடையாது. சிலர் தேர்களை நம்புகிறார்கள், சிலர் குதிரைகளை நம்புகிறார்கள், நாமோ ஆண்டவரின் பெயரை நம்புகிறோம் என்ற கருத்தைத் திருப்பாடல் ஆசிரியர் அன்றே பாடிவிட்டார் (திபா 20).

வாகனம் எதற்கு?

2007 ஜூன் மாதத்தில் வத்திக்கான், சாலை மேய்ப்புப்பணி குறித்து வழிகாட்டி ஏடு ஒன்றை வெளியிட்டது. அதில் வாகனம் ஓட்டுவோருக்கான பத்துக் கட்டளைகளும் உண்டு. சாலை மனிதரை ஒன்றிணைக்கும் வழியாக இருக்க வேண்டும் என்றும், கார் அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாக மாறக்கூடாது என்றும் அது அறிவுறுத்துகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், புதிய மாடல் கார்களை நாடும் குருக்களையும் துறவியரையும் கண்டு தம் மனம் வருந்துவதாக 2013-இல் கூறினார். 2017-இல் லம்போர்கினி நிறுவனம் அவருக்கு விலையுயர்ந்த கார் ஒன்றைப் பரிசளித்தது. அவர் அதில் பயணம் செய்யவில்லை. ஏலத்தில் விற்று, ஈராக்கின் நினிவே சமவெளியில் அழிக்கப்பட்ட கிறிஸ்தவ ஊர்களை மீண்டும் கட்டுவது உள்ளிட்ட அறப்பணிகளுக்கு வழங்கச் செய்தார்.

நல்ல சமாரியர் உவமையை நினைத்துப் பாருங்கள். அடிபட்டவனைத் தம் விலங்கின்மேல் ஏற்றினார் என்று லூக்கா எழுதுகிறார். அந்த விலங்கின் இனம் என்ன, விலை என்ன, எவ்வளவு வேகம் என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. அது யாரைச் சுமந்தது என்பதை மட்டும் எழுதினார். நம் ஆண்டவரோ எருசலேமுக்குள் நுழைந்தபோது ஏறிச்சென்றது இரவல் கழுதை.

நம் பங்கிலும்...

இது கார் பற்றிய பேச்சு மட்டுமல்ல என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். "பழைய சாமியார் காலத்துல இப்படி இல்ல" என்று ஒரு கட்சி, புதிய சாமியாருக்கு ஒரு கட்சி. தேர்ப்பவனி எந்தத் தெரு வழியாக முதலில் போக வேண்டும் என்பதில் மோதல். சாதியின் பெயரால் திருவிழாவே நின்றுபோகும் அவலம். 'தகர டப்பா' என்ற சொல்லில் தொடங்குவது அங்கேதான் போய் முடிகிறது. குருக்களாகிய நாங்களும் எங்களுக்கென்று ஓர் அணி சேர்வதை உள்ளூர ரசிக்கும் சோதனைக்கு உட்பட்டவர்களே. பவுலைப் போல, 'என் பெயரைச் சொல்லாதீர்கள்' என்று கடிந்துகொள்ளும் துணிவு எங்களுக்கு வேண்டும்.

அந்த இரு குடும்பங்களின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். ஓராண்டுக்குப் பின் ஒரு நள்ளிரவில், 'தகர டப்பா' என்று சொன்னவரின் தாயாருக்கு நெஞ்சுவலி. அவர் வெளியூரில் இருந்தார், காரும் அவரோடு. செய்தி கேட்டு ஓடிவந்த அத்தான், மாமியாரைத் தம் காரில் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தார். உயிர் பிழைத்தது. மறுநாள் நோயில்பூசுதல் வழங்க நான் சென்றபோது, மகன் மருத்துவமனை வாசலில் அந்தக் காரின் மேல் கைவைத்தபடி நின்று அழுதுகொண்டிருந்தார். "ஃபாதர், இந்த வண்டியைத்தான் நான்..." என்றவருக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. அடுத்த ஞாயிறு இரு குடும்பமும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தது.

இந்த வாரம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: என்னுடைய எந்தக் கொடி ஒருவருடைய துக்கத்தை என் கண்ணிலிருந்து மறைக்கிறது? நான் யாரோடு பேசாமல் இருக்கிறேன்? அதற்குக் காரணமான பொருள் இன்னும் இருபது ஆண்டு கழித்து இருக்குமா?

ஆண்டவரே, எங்கள் வாகனங்களை ஆசீர்வதியும். அவற்றைவிட மேலாக, அவற்றில் நாங்கள் யாரை ஏற்றிக்கொள்ள மறுக்கிறோமோ, அவர்களை நோக்கி எங்கள் உள்ளங்களைத் திருப்பியருளும். ஆமென்.