ஃபினிஷிங் வேலை: கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சொந்த மனையில் வீடு கட்டும் குடும்பத்துக்கும் கான்ட்ராக்டருக்கும் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அஸ்திவாரத்திலோ தளம் போடும்போதோ அல்ல. டைல்ஸ், கதவு, குழாய், சுவிட்ச், பெயின்ட், கிச்சன் கப்போர்டு என்று வேலை வீட்டுக்குள் நுழையும்போதுதான். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். பேங்க் லோனில் கடைசித் தவணை மட்டும் பாக்கி இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்திருப்பார்கள். அந்த நெருக்கடியில் "சரி, அதையே போட்டுடுங்க" என்று வாயால் சொன்ன ஒரு சம்மதம், பிறகு கேள்வி கேட்கவே முடியாமல் செய்துவிடுகிறது.

பிரச்சினை தொடங்குவது கொட்டேஷனில். தமிழ்நாட்டில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் ரேட் பேசுவது வழக்கம். அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் இப்படி நாலு வரி இருக்கும்: "ஃப்ளோர் டைல்ஸ் சதுர அடி ரூ.50 வரை. பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் பிராண்டட். தலைவாசல் தேக்கு. ஒயரிங் ஐஎஸ்ஐ அல்லது அதற்கு இணையானது." படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 50 ரூபாய் என்பது டைல்ஸ் விலை மட்டுமா, ஜிஎஸ்டியும் வண்டி வாடகையும் சேர்த்தா? வெட்டும்போது வீணாகும் டைல்ஸ் யார் கணக்கு? நீங்கள் 80 ரூபாய் டைல்ஸைத் தேர்ந்தெடுத்தால் மீதி 30 ரூபாயை எத்தனை சதுர அடிக்குக் கட்ட வேண்டும்? 1,000 சதுர அடித் தரைக்கு அதுவே 30,000 ரூபாய். ஸ்கர்ட்டிங்கும் சேதாரமும் சேர்ந்தால் இன்னும் ஏறும். 40 ரூபாய் டைல்ஸே போதும் என்றால் மிச்சம் உங்களுக்குத் திரும்பி வருமா? நாலுக்கு இரண்டு அடி பெரிய டைல்ஸ் பதிக்கக் கூலி கூடுதலா? எதற்கும் அந்தத் தாளில் பதில் இருக்காது.

மற்ற வரிகளும் அப்படித்தான். ஒரே கம்பெனியின் குழாய்களிலேயே மலிவு வகைக்கும் உயர் வகைக்கும் விலை பல மடங்கு வித்தியாசப்படும். தேக்கு என்றால் நிலை மட்டுமா, கதவுமா? நாட்டுத் தேக்கா, ஆப்பிரிக்கத் தேக்கா? நிலைச்சட்டத்தின் அளவு என்ன? "இணையானது" என்று தீர்மானிப்பது யார்? அந்த இடத்தில் "வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுக்கும் கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள் என்பதே என் ஆலோசனை.

ஒப்பந்தத்தோடு அறை வாரியாக ஒரு பட்டியல் இணைக்கப்பட வேண்டும். பொருள், கம்பெனி, மாடல் எண், அளவு, ரேட், வரி உட்பட்டதா இல்லையா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். டைல்ஸ், லேமினேட், கிரானைட் ஆகியவற்றில் ஒரு சாம்பிள் துண்டின் பின்புறம் தேதியோடு இருவரும் கையெழுத்துப் போட்டு, அதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எதை மாற்றினாலும் வாட்ஸ்அப்பிலாவது "இந்தப் பொருளுக்குப் பதில் இது, வித்தியாசம் இவ்வளவு" என்று அனுப்பிப் பதில் வாங்குங்கள்.

இனி பொருட்களுக்கு வருவோம். நான் முதலில் பேச விரும்புவது பாத்ரூம் தரையைப் பற்றி. ஷோரூமில் பளபளக்கும் டைல்ஸ் ஈரமும் சோப்பும் பட்டால் வழுக்கும். வீட்டில் வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. டைல்ஸுக்கு ஆர்9 முதல் ஆர்13 வரை வழுக்கல் தடுப்பு அளவீடு உண்டு. எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். குளிக்கும் இடத்துக்கு ஆர்10, ஆர்11 கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் ஒரு டைல்ஸைத் தரையில் போடச் சொல்லி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு நின்று பாருங்கள். சுவருக்கான செராமிக் டைல்ஸ் தண்ணீரை அதிகம் உறிஞ்சும், பலமும் குறைவு. அதை ஒருபோதும் தரையில் பதிக்க விடாதீர்கள். கைப்பிடிக் கம்பி இப்போது வேண்டாம் என்றாலும், பிற்காலத்தில் பொருத்த வசதியாக அந்த இடத்தில் குழாயோ ஒயரோ ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் டைல்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டிலேயே மூத்தவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அவருடைய கால் சொல்வதுதான் முடிவாக இருக்க வேண்டும்.

டைல்ஸ் பெட்டி வந்து இறங்கியதும் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தரம், ஷேட் எண், பேட்ச் எண் ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். பேட்ச் மாறினால் நிறமும் மாறலாம். தேவைக்கு மேல் 5 முதல் 10 சதவீதம் சேர்த்து ஒரே பேட்ச்சில் வாங்கி, மிச்சமாகும் ஒரு பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள். பதித்த பிறகு வரும் நிறக் குறை, வளைவு பற்றிய புகார்களைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதில்லை; பெட்டியிலேயே அப்படி அச்சிட்டிருப்பார்கள். ஆகவே பதிப்பதற்கு முன்பே பெட்டிகளைப் பிரித்துத் தரையில் பரப்பிப் பார்ப்பது அவசியம்.

டைல்ஸுக்கு அடியில் இருப்பது இன்னும் முக்கியம். பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு முடிந்ததும் வெளியேறும் வழியை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ்த்தளக் கூரையில் ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் வேலை தொடங்க வேண்டும். குழாய்களுக்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். சுவரைப் பூசும் முன் ஒயர் பைப்பும் தண்ணீர்க் குழாயும் ஓடும் தடத்தை, பக்கத்தில் அளவு டேப்பை வைத்து வீடியோ எடுங்கள். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போதும் அது உதவும்.

பிளைவுட்டில் ஏமாறுவது மிக எளிது, ஏனென்றால் லேமினேட் ஒட்டிய பிறகு உள்ளே என்ன பலகை என்று யாருக்கும் தெரியாது. ஐஎஸ் 303 தரத்தில் எம்ஆர் என்ற வகை காற்றின் ஈரத்தைத் தாங்கும். சிங்க்குக்கு அடியில் தண்ணீர் பட்டால் தாங்காது. அதே தரத்தில் பிடபிள்யூஆர் வகை சமையலறைக்குப் பொருந்தும். ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட். பலகை வண்டியிலிருந்து இறங்கும்போதே முத்திரையைப் பாருங்கள். உண்மையான ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே ஐஎஸ் எண் இருக்கும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். முத்திரை இல்லாமல் "ஐஎஸ்ஓ 9001" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது கம்பெனியின் நிர்வாக முறைக்குக் கொடுக்கும் சான்று, அந்தப் பலகைக்குக் கொடுத்ததில்லை. முத்திரை தெரியும்படி ஒவ்வொரு பலகையையும் படம் எடுத்துவிட்டு, பிறகு ஆசாரியை அறுக்கச் சொல்லுங்கள். முத்திரை போலி என்று தெரிந்தால் அதே செயலியில் புகார் செய்யலாம்; முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவது 2016-ஆம் ஆண்டு பிஐஎஸ் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

ஒயருக்கு ஐஎஸ் 694. விளக்குக்கு 1.5, கீசருக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்பது வீடுகளில் பொதுவான கணக்கு. அளவு ஒயரின் மேலேயே அச்சாகி இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத மெயின் போர்டை ஏற்காதீர்கள். மின்கசிவில் உயிரைக் காப்பது அதுதான்.

பெயின்ட்டில் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. டப்பாவில் அது எழுதியிருக்க வேண்டும். கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் எனாமல் பெயின்ட் டப்பாவில் இதைக் கண்டிப்பாகத் தேடுங்கள்.

சமையல் மேடைக்கு மார்பிள் வேண்டாம். புளியும் எலுமிச்சையும் அதை அரித்துத் தடம் போட்டுவிடும். கிரானைட் தாங்கும். குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லில் பிசின் கலந்திருப்பதால் சூடான பாத்திரத்தை நேரடியாக வைக்கக் கூடாது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: அந்தக் கல்லை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கிறது. சிலிக்கோசிஸ் நோயால் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. உங்கள் வீட்டில் கல் அறுத்தால் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். நம் வீட்டு வேலைக்கு வந்தவரின் மூச்சு நம் பொறுப்பும்தான்.

இனி பணம். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று கடையில் சொல்வார்கள். அந்தச் சில ஆயிரத்துக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது கேரண்டியையும் வழக்குப் போடும் ஆதாரத்தையும். பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்தால், உங்கள் கணக்கிலிருந்து கடைக்கு நேரடியாகப் பணம் அனுப்பி, உங்கள் பெயரில் பில் வாங்குங்கள். கடைகள் மேஸ்திரிக்கும் இன்ஜினியருக்கும் கமிஷன் கொடுப்பது பல ஊர்களில் நடக்கிறது. அது உங்கள் விலையில்தான் ஏறுகிறது. இதைச் சண்டையாக்க வேண்டியதில்லை. கூலியைக் குறைக்காமல் பேசி, பொருளின் விலையை மட்டும் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தால் போதும். தனி வீட்டுக்கு வெறும் லேபர் கான்ட்ராக்ட் என்றால் ஜிஎஸ்டி கிடையாது. பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் என்றால் உண்டு. ரேட்டில் வரி அடக்கமா என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். மொத்தத் தொகையில் 5 சதவீதத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்து, குறைகள் சரியான பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் சேர்ப்பதும் நல்லது. ஒரு மழைக்காலம் கடந்தால் பல குறைகள் வெளியே வந்துவிடும்.

குறை வந்துவிட்டால் பலரும் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறார்கள். பில்டரிடம் ஃபிளாட்டோ வில்லாவோ வாங்கியவர்களுக்குத்தான் அது. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரியவரும் குறைகளைச் செலவில்லாமல் சரிசெய்து தரும் கடமை அங்கே பில்டருக்கு இருக்கிறது. சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர் ரெரா சட்டத்துக்குள் வரமாட்டார். அவருக்கான இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் ஒரு சேவை என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. இன்றைய சட்டத்தின் விளக்கத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது.

நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதியலாம். கான்ட்ராக்டரோடு, குறையுள்ள பொருளை விற்ற கடையையும் தயாரித்த கம்பெனியையும் சேர்த்து எதிர்த்தரப்பாக்கலாம்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குறையைப் படங்களோடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, சரிசெய்ய 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தகுதி பெற்ற ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து, என்ன குறை, எதனால், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கோபத்தில் டைல்ஸைப் பெயர்த்துப் போட்டுவிட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும். தண்ணீர் மின் ஒயரில் இறங்குவது போன்ற ஆபத்தான நிலை என்றால் காத்திருக்காதீர்கள். வீடியோ எடுத்துக்கொண்டு உடனே சரிசெய்து, செலவின் பில்லை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். உரிய சான்றிதழோடு அவை ஆதாரமாக ஏற்கப்படும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வீடு பெண்ணின் பெயரில் இருந்து வழக்கும் அவர் பெயரில் என்றால், வருமானம் எதுவானாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, எண் 15100. புகாருக்கான காலக்கெடு 2 ஆண்டு. "அடுத்த மாசம் ஆள் அனுப்புறேன்" என்ற பேச்சை நம்பி அந்தக் கெடுவைக் கடந்துவிடாதீர்கள்.