உதவிப் பணம் கடல் கடக்குமா?

ஐம்பது வயதை எட்டாத தோட்டத் தொழிலாளி ஒருவரை மனத்திலே எண்ணிக்கொள்வோம். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் அகப்பட்டு வலது கையை இழந்தவர் அவர். மகன் கனடாவில் இருக்கிறான். "ஆறு மாதமாவது எங்களோடு வந்து இருங்கள், அப்பா" என்று அழைக்கிறான். போக ஆசைதான். ஆயின், போனால் இங்கே வரும் பணம் நின்றுவிடுமோ என்ற அச்சம் அவரை லயத்து வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

எல்லாப் பணத்தையும் 'உதவிப் பணம்' என்ற ஒரே பெயரால் அழைப்பதே இந்த மயக்கத்துக்குக் காரணம். உழைத்துச் சேர்த்ததும் உடலிழப்புக்கு ஈடாகப் பெற்றதும் உரிமைப் பணம். வறுமை கண்டு அரசு தருவதே உதவிப் பணம். முன்னது ஆளோடு செல்லும். பின்னது இருப்பிடத்தைச் சார்ந்து நிற்கும்.

உரிமைப் பணம் கடல் கடந்த வரலாறு மலையகத்துக்குப் புதிதன்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. மக்களைத் தலைக்கணக்கிட்டுப் பங்கிட்ட அவ்வொப்பந்தத்தில் மனிதத்தன்மை குறைவே. எனினும், நிரந்தரமாகப் புறப்படுவோர் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உடன்கொண்டு செல்லலாம் என்றும், குடும்பமொன்று கொண்டுசெல்லத்தக்க உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படலாகாது என்றும் அது விதித்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் மடியில் இருந்தது தருமமன்று, அவர்களுடைய வியர்வை.

அந்த ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. இன்று தொழிலாளியின் வேதனத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தோட்ட நிருவாகத்தின் சார்பில் 12 பங்கும் அதிற் சேர்கின்றன. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்ற வயது வந்ததும் அதைப் பெறலாம் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வயதுக்கு முன்னரே திறக்கும் வாயில்களும் உண்டு. உழைக்கும் ஆற்றலை நிரந்தரமாகவும் முழுமையாகவும் இழந்துவிட்டார் என்று வைத்தியர் சான்று வழங்குவது ஒன்று. வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறப் புறப்படுவது மற்றொன்று.

இங்கேதான் நம் கொட்டகலை நண்பர் கூர்ந்து நோக்க வேண்டும். ஆறு மாத வருகை விசாவில் மகனைப் பார்க்கப் போவது குடியேற்றமன்று. ஆகவே பயணத்தைக் காரணங்காட்டி அவர் பணம் கோர முடியாது. அவருக்குரிய வழி வைத்தியச் சான்றே. அச்சான்றைப் பெற்று, தொழில் திணைக்களத்தில் விண்ணப்பத்தைச் சேர்ப்பித்த பின்னர் விமானம் ஏறுவதே அறிவுடைமை.

விபத்துக்கான ஈடு வேறு. அது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி வேலைகொள்வோர் செலுத்தவேண்டிய கடன். நிரந்தர ஊனத்துக்கு அது மொத்தமாகக் கிடைப்பதால், கைக்கு வந்தபின் அவர் எங்கே வாழ்ந்தாலும் ஒன்றே. வராதிருக்கும்போது புறப்படுவதுதான் ஆபத்து. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெளிப்படையான விதியொன்று இருந்தது: வைத்தியப் பரிசோதனைக்கு உட்படாமல் வேலைத்தலத்தின் சுற்றுப்புறத்தை விட்டுத் தானாக நீங்கிய தொழிலாளியின் நட்டஈட்டு உரிமை, அவர் திரும்பிவந்து பரிசோதனைக்கு இசையும் வரை நிறுத்திவைக்கப்படும்.

இனி, மாதக் கொடுப்பனவு. அஸ்வெசுமத் திட்டம் 2023இல் தொடங்கியபோது அங்கவீனருக்கு மாதம் 5,000 ரூபா எனத் தொகை குறிக்கப்பட்டது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. குடும்பம் இங்கே வாழும் நிலையை ஆராய்ந்து தரப்படும் பணம் இது. நீண்டகாலம் அயல்நாட்டில் தங்க எண்ணுவோர் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே தெரிவித்து, மறுமொழியை எழுத்திலே பெற்றுக்கொள்வது நன்று. சொல்லாமற் போய்வந்து பின்னர் விளக்கங் கூறுவது எளியார்க்கு என்றுமே கடினம்.

செல்வம் மிக்க நாடுகளும் இவ்வகையில் கண்டிப்பானவையே. பிரித்தானியாவில் அங்கவீனருக்குரிய தனிநபர் சுதந்திரக் கொடுப்பனவைப் பெறுபவர், பொதுவாக 13 வாரமே வெளிநாட்டில் தங்கி அதைப் பெறலாம். மருத்துவ சிகிச்சைக்காகச் சென்றால் 26 வாரம். அவுஸ்திரேலியாவின் அங்கவீன ஓய்வூதியத்துக்குப் பொது விதி இன்னும் குறுகியது: பன்னிரண்டு மாதத்தில் 28 நாள். அந்நாடுகளிலிருந்து நுவரெலியாவுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் உறவினரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நம்மவரைச் சட்டத்தைக் காட்டிலும் அதிகமாக அலைக்கழிப்பது பெயர். தோட்டத்துச் செக்ரோலில் 'ராமாயி'; அடையாள அட்டையில் 'ராமாய்'; பிறப்புச் சான்றிதழிலோ கணக்கப்பிள்ளையின் செவிக்கு எட்டிய வேறொரு பெயர். கொழுந்து நிறுக்கும்போது எவரும் பொருட்படுத்தாத ஓர் எழுத்து, சேமலாப நிதியைக் கோரும்போது மலையாக வளர்ந்து நிற்கும். இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்ற சத்தியக் கடதாசியை ஹட்டனிலே முடிப்பது ஒரு நாள் வேலை. அதே வேலையை அயல்நாட்டிலிருந்து முடிக்கத் தூதரகம், தபால், மொழிபெயர்ப்பு என்று வருகைக்காலம் முழுவதும் கரைந்துவிடும். ஆகவே பெட்டி கட்டுவதற்கு முன்னர் சேமலாப அங்கத்துவ இலக்கம், வைத்தியச் சான்று, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒருங்கே பரப்பிவைத்து, பள்ளியிற் படிக்கும் பேரப்பிள்ளையைக் கொண்டு பெயரை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கச் செய்யுங்கள்.